மார்கழித் தண்ணீரை நினைத்து ஆவணியில் வெட்டிய பாத்திகள்

திருகோணமலையில் வீட்டுத்தோட்டம் போட நினைக்கிற பலர் முதல் மழை விழுந்த பிறகுதான் மண்வெட்டியைத் தேடுகிறார்கள். ஐப்பசியில் மண் நனைந்துவிட்டது, இனி விதைப்போம் என்று தொடங்கினால், கன்று நடுகிற அளவுக்கு வருமுன் கார்த்திகை அடைமழை வந்துவிடும். வேர் பிடிக்காத கன்று அந்த மழைக்கு நிற்காது. எங்கள் ஊர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. நவம்பரும் டிசம்பரும் சராசரியாகத் தலா 300 மில்லிமீற்றரைத் தாண்டுகிற மாதங்கள். ஆகவே மாரி பயிர் வளர்கிற காலம். தோட்டத்துக்கான வேலைக்காலம் அதற்கு முன்னால், கச்சான் காற்றில் உதடு வெடிக்கிற ஆவணியும் புரட்டாசியும்தான்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நாமெல்லாரும் கேட்டு வளர்ந்த பழமொழி. தமிழ்நாட்டு மாடித்தோட்டக் காணொளிகளிலும் ஆடி பிறந்ததும் விதைப்பைகளை விரித்து வைத்துப் பேசுவார்கள். அவர்களுக்கு அது சரி. இங்கே ஆடியில் கிணறு அடியில் கிடக்கும், காற்று இலையைச் சுருட்டும். அந்தப் பட்டத்தை இங்கே கொண்டுவந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தே முதுகு போய்விடும். நமக்கு நாற்று போடுகிற மாதம் புரட்டாசி. நடுகிற மாதம் ஐப்பசி முற்பகுதி. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை பெரும்போகத்துக்கான, அதாவது மாரிப் பயிர்க்காலத்துக்கான, தோட்டத்தை ஆவணியிலேயே தொடங்கினோம்.

தண்ணீர் எங்கே ஏறும்

வளவு அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மண் முழுக்க மணல். கன்னியாவைத் தாண்டி உள்ளே போனால் செங்கபில மண், தம்பலகாமத்தில் வயல் களி. அங்கே செய்கிறதை இங்கே அப்படியே செய்ய முடியாது. மணலில் ஓர் அடிக் குழி தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடும். அதைப் பார்த்து, இந்த மண்ணில் தண்ணீர் தேங்காது, வடிகால் எதற்கு என்று நினைப்பது இயல்பு. அம்மாதான் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"மேலால வாற தண்ணியைப் பாத்துக் காணாது தம்பி. மார்கழியில கீழால வாற தண்ணியைப் பார்."

எங்களுடையது கொங்கிறீட் வளையம் இறக்கிய கிணறு. உள்ளே எட்டிப் பார்த்தால் வளையத்தில் பாசி படிந்து கறுத்த ஒரு கோடு தெரியும். மாரியில் தண்ணீர் ஏறி நிற்கிற மட்டம் அதுதான். நிலத்தில் இருந்து அளந்தால் ஒன்றரை அடி ஆழத்தில் இருந்தது. கடலோர மணலில் நிலத்தடி நீர் கிட்டத்தட்ட ஒரே மட்டமாகவே ஏறும். எனவே கிணற்றடியில் ஒன்றரை அடிக்குக் கீழே நிற்கிற தண்ணீர், வளவின் தாழ்ந்த மூலையில் இன்னும் கிட்டத்தில் நிற்கும். மேலிருந்து விழுகிற மழை வடிந்துவிடும், கீழிருந்து ஏறுகிற தண்ணீர்தான் வேரை மூச்சடைக்க வைக்கும்.

எந்த மூலை எவ்வளவு தாழ்வு என்று பார்க்க மேசன்மார் மட்டம் பிடிக்கிற முறையே போதும். ஒளி ஊடுருவுகிற நீளமான ரியூப்பில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழ் எல்லாம் போனபின் ஒரு நுனியைக் கிணற்றடித் தடியிலும் மறு நுனியை மூலையில் நட்ட தடியிலும் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இடத்தில் கரிக்கோடு போட்டு, கோட்டில் இருந்து நிலம் வரை அளந்தால் வித்தியாசம் கையில் வந்துவிடும். மேற்கு மூலை கிணற்றடியை விட முக்கால் அடி தாழ்வு. அப்படியென்றால் மார்கழியில் அங்கே முக்கால் அடி தோண்டினாலே தண்ணீர். கத்தரி வேருக்கு அந்த இடம் ஆகாது. அந்த மூலையைக் கங்குன் கீரைக்கும் வல்லாரைக்கும் கொடுத்துவிட்டு, மற்றப் பாத்திகளைக் கிணற்றுக்குக் கிழக்கே வெட்டுவது என்று முடிவானது. தோட்டத் திட்டத்தில் மிகப் பயன்பட்ட வேலை எது என்று கேட்டால் இந்த ரியூப்பைத்தான் சொல்வேன்.

ஆவணி வெயிலும் மார்கழி வெயிலும்

வெயில் படுகிற இடத்தை ஆவணியில் பார்த்துப் பாத்தி வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது, மதிலுக்கு நிழலே விழாது. மார்கழியில் அதே நண்பகல் சூரியன் தெற்கே சரிந்துவிடும். 6 அடி மதில் அப்போது வடக்குப் பக்கமாக ஏறத்தாழ மூன்றே முக்கால் அடிக்கு நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். ஆவணியில் நல்ல வெயில் என்று மதிலின் வடக்கு அடியில் மிளகாய் வைத்தால், பூக்கிற காலத்தில் அது நிழலுக்குள் நிற்கும். மாரியில் வெயில் கிடைப்பதே அருமை, கிடைக்கிற கொஞ்சத்தையும் மதிலுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே தெற்கு மதிலில் இருந்து 4 அடி தள்ளி, அந்த இடைவெளியை நடைபாதையாகவும் எருக்குவியலுக்காகவும் விட்டேன். பயிற்றைக் கொடியும் பாகல் பந்தலும் வடக்கு ஓரத்துக்குப் போயின, அவற்றின் நிழல் வேலிக்கு வெளியே விழட்டும். முன்வரிசையில் கீரையும் மிளகாயும், நடுவில் கத்தரியும் வெண்டியும்.

வடகிழக்குப் பக்கம் கடல். வாடைக்காற்று எழும்பினால் உப்புத்தூறலும் சேர்ந்து வந்து இளம் இலைகளின் ஓரத்தைக் கருக்கும். அந்தப் பக்க வேலிக்கு உட்புறமாக நெருக்கமாக ஒரு வரிசை மரவள்ளித் தடி ஊன்றியிருக்கிறேன். மழை வரும்போது அது நெஞ்சளவு வந்துவிட்டால் காற்றுக்கு மறைப்பு, பிறகு கிழங்கு.

பாத்தி

3 அடி அகலம், 10 அடி நீளம், அரை அடி உயரம். இருபக்கத்திலிருந்தும் கை நீட்டினால் நடுவைத் தொட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. 3 அடிக்கு மேல் அகலமாக வெட்டினால் களை பிடுங்க உள்ளே இறங்க வேண்டி வரும்.

மணலின் குறை தண்ணீரும் பசளையும் தங்காதது. இதற்கு இங்குள்ள பழைய வழி பொச்சுமட்டை. பாத்தி வரப்போகிற இடத்தில் ஒன்றரை அடி தோண்டி, தேங்காய்ப் பொச்சுமட்டைகளை உட்குழிவு மேலே பார்க்கும்படி நெருக்கமாக அடுக்கி, மேலே கொஞ்சம் மணல் போட்டு மூடினேன். தென்னந்தோட்டங்களில் வறட்சிக்காகப் புதைக்கிற முறைதான் இது. மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், உக்கும்போது பொட்டாசியத்தையும் கொடுக்கும். கிழக்குப் பக்கப் பாத்திகளுக்கு மட்டுமே இதைச் செய்தேன். தாழ்ந்த மூலைக்கு இது தேவையில்லை, அங்கே பிரச்சினை வேறு.

எரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மரக்கறிக்கு ஹெக்டயருக்கு 10 தொன் சேதனப் பசளை என்பது விவசாயத் திணைக்களம் சொல்கிற அளவு. அது சதுர மீற்றருக்கு 1 கிலோ, எங்கள் பாத்தி ஒன்றுக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சுத்த மணலுக்கு இது காணாது என்பது என் எண்ணம். மும்மடங்கு போட்டேன். உக்கிய மாட்டெரு, ஆட்டெரு, வீட்டில் செய்த கூட்டெரு, அதோடு தம்பலகாமப் பக்கத்து அரிசி ஆலையில் அள்ளிவந்து கரியாக்கிய உமி. மாட்டெருவைக் கையில் எடுத்துப் பிசைந்தால் சாணி மணம் இல்லாமல் மழை பெய்த மண் மணம் வர வேண்டும். அந்தப் பதம் வராததைப் பாத்திக்குள் போட்டால் சூடு கன்றைத் தாக்கும், மாடு தின்ற புல் விதையெல்லாம் முளைத்து வரும்.

அடுப்புச் சாம்பல் நல்லது என்று அள்ளிப் போடுகிற வழக்கம் இருக்கிறது. எங்கள் மண்ணை அள்ளிப் பார்த்தால் சிப்பித் துண்டுகள் மினுங்கும். ஏற்கெனவே சுண்ணாம்பு உள்ள மண்ணுக்கு மேலும் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்தால் இரும்புச்சத்து பயிருக்குக் கிடைக்காமல் போய், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கடற்கரை மணலுக்குச் சாம்பல் வேண்டாம்.

2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, 2022 இல் விலைகள் ஏறியபோது, அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறைகூட அறிவித்தார்கள். அந்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் பாத்தி வெட்டாத வீடே இல்லை. அடுத்த ஆண்டு தொடர்ந்தவர்கள் எரு சேர்த்து வைத்தவர்கள்தான். மணல் வளவில் எருக்குவியல் இருக்கிற வரைக்கும்தான் தோட்டம் இருக்கும்.

நாற்றுமேடையில் நெருப்பு

கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று வேண்டும். நாற்றுமேடையில் பெரிய எதிரி நாற்றழுகல். காலையில் நிமிர்ந்து நிற்கிற நாற்று பின்னேரம் மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் நூல் கட்டியது போல நெரிந்து, நீர் கோத்துச் சாய்ந்து கிடக்கும். மண்ணில் இருக்கிற பூஞ்சணம்தான் காரணம். மேடை மண்ணை முதலில் சுட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

3 அடிக்கு 3 அடி மேடை. மண்ணை நனைத்து, மேலே வைக்கோலை 2 அங்குலத்துக்கு ஒரு படை, அதற்கு மேல் உமி ஒரு அங்குலம், திரும்பவும் வைக்கோல், திரும்பவும் உமி. நெருப்பைக் காற்று அடிக்கிற பக்கத்தில் வைக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டும். அப்போது நெருப்பு காற்றை எதிர்த்து மெல்ல மெல்ல நகரும், சூடு மண்ணுக்குள் இறங்கும். காற்றோடு விட்டால் வைக்கோல் குப்பென்று எரிந்து அடங்கிவிடும், ஓர் அங்குலத்துக்குக் கீழே மண் குளிர்ந்தே கிடக்கும். ஆவணியில் கச்சான் தென்மேற்கில் இருந்து வருகிறது, ஆகவே வடகிழக்கு மூலையில் கொளுத்தினோம். விடியற்காலையில், காற்று எழும்ப முன். பக்கத்து வீட்டுக் கொடியில் உடுப்பு காய்கிற நேரத்தில் இதைச் செய்யக் கூடாது, முதலே சொல்லிவைப்பது நல்லது. எரிந்த கரியை மண்ணோடு கொத்திக் கலந்து, ஆறவிட்டு, தண்ணீர் தெளித்தபின் விதைத்தேன்.

விதைக்குமுன் முளைதிறன் பார்த்துவிட வேண்டும். 20 விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு கோப்பைக்குள் வைத்தால் போதும். 16 முளைத்தால் 80 வீதம், தாராளமாக விதைக்கலாம். பாதிதான் முளைக்கிறது என்றால் புது விதை வாங்குவது நல்லது. கத்தரியில் திண்ணவேலி ஊதா, வெண்டியில் ஹரித, மிளகாயில் எம்.ஐ. 2 எடுத்தேன். கலப்பினம் அதிகம் காய்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் விதையை எடுத்து அடுத்த போகம் போட்டால் தாயைப் போல வராது. வீட்டுக்கு விதை எடுத்து வைக்கக்கூடிய இனமே எனக்கு விருப்பம்.

ஆவணி புரட்டாசியில் கடலோரக் கிணற்றில் உவர் ஏறும். நாக்கில் வைத்தால் தெரியும். மிளகாய் நாற்றும் பயிற்றையும் உப்புக்கு மிகவும் சுணங்கும், அதனால் நாற்றுமேடைக்குக் குழாய்த் தண்ணீர்தான். தும்புத்தூள் வாங்கிச் சட்டிகளில் போடுகிறவர்கள் அதையும் ஊறவைத்து இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். மட்டை ஊறிய தண்ணீரின் உப்பு அதில் இருக்கும்.

ஆவணியில் செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியாத இன்னொரு வேலை வேப்பங்கொட்டை. வேம்பு பழுத்து விழுகிற காலம் அது. பொறுக்கி, தோல் நீக்கி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டினால் மாரி முழுக்கப் பூச்சிக்குக் கைமருந்து. பருப்பை இடித்து, லீற்றருக்கு 50 கிராம் கணக்கில் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் தெளிக்க வேண்டும்.

வேலி

கோட்டைப் பக்கமும் நகரத்துக்குள்ளும் இருப்பவர்களுக்கு மான் வரும். எங்களுக்குக் கட்டாக்காலி மாடு. கதியால் வேலியில் இடைவெளி விழுந்த இடமெல்லாம் புதுக்கதியால் போட்டு, கீழ்ப்பாதிக்குக் கிடுகு கட்டினோம். கிளிசரியாக் கதியால் மழையோடு வேர்பிடித்துவிடும், அதன் இலை பாத்திக்குத் தழைப்பசளை.

ஐப்பசி

புரட்டாசி முதல் வாரம் விதைத்த நாற்றுகள் ஐந்தாறு இலையோடு ஒரு சாண் உயரம் வந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. நடுவதற்கு ஒரு கிழமை முன்பே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்தேன், தண்டு கொஞ்சம் மரப்படும். பிடுங்குகிற அன்று காலை மேடையை நன்றாக நனைத்து, வெயில் தாழ்ந்தபின் வேரில் மண் ஒட்டியபடி எடுத்தோம். கத்தரிக்குக் கன்றுக்குக் கன்று 2 அடி, பாத்தி நடுவே ஒரே வரிசை. மிளகாய் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை. நட்ட கையோடு கன்றின் அடியை இருவிரலால் அழுத்தி, இலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இலை கிழிய வேண்டும், கன்று அசையக் கூடாது. மணலில் வேரைச் சுற்றிக் காற்று நின்றுவிடும், இந்த அழுத்தல் இல்லாவிட்டால் அடுத்த நாள் வாடும்.

வெண்டியும் பயிற்றையும் புரட்டாசிக் கடைசியிலேயே நேரே குழியில் ஊன்றியாயிற்று, குழிக்கு இரண்டு விதை. முளைத்தபின் திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் ஆடும்.

பந்தலுக்குப் பூவரசங்கால், ஒன்றரை அடி ஆழத்தில், நான்கு மூலைக்கும் இழுவைக் கயிறு. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மணலில் கால் மட்டும் நின்றால் போதாது, இழுவை வேண்டும்.

இன்றைய நிலை

கார்த்திகை மழை தொடங்கிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் பாசிக்கோட்டுக்குக் கிட்ட வந்துகொண்டிருக்கிறது. பாத்திகளில் ஈரம் இருக்கிறது, தேங்கல் இல்லை. கத்தரிக் கன்றுகள் முழங்காலளவு. சிலவற்றில் நுனிக்குருத்து மட்டும் வெந்த கீரை போலத் தொங்கியது. அந்தக் குருத்தை இரண்டங்குலம் கீழே வெட்டி, பிளேட்டால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு, பின்னால் அதன் எச்சம் நிறைந்த சுரங்கம். குருத்தும் காயும் துளைக்கிற புழு இதுதான். மருந்து உள்ளே போகாது. தொங்குகிற குருத்தைக் கண்டவுடன் வெட்டி, எரித்துவிட வேண்டும், வெட்டிப் பாத்தி ஓரத்தில் போட்டால் புழு வெளியே வந்து கூடுகட்டும். இப்போது விட்டால் காய்க்கிற காலத்தில் ஒவ்வொரு காயிலும் ஓட்டை இருக்கும். காலையில் தேத்தண்ணியோடு ஒரு சுற்று, இதற்காகவே.

நத்தைக்கு இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் வழி. பின்னேரம் ஈரச்சாக்கை விரித்து வைத்தால் அதற்கடியில் வந்து சேரும், வேலை சுலபம். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். பூச்சட்டிகளின் அடித்தட்டுகளை மாரி முடியும் வரைக்கும் எடுத்துவிட்டேன். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று பார்த்த மாவட்டம் இது, தோட்டத்தில் ஒரு மூடி தண்ணீரும் நிற்கக் கூடாது.

மழை பசளையைக் கழுவிக்கொண்டு போகிறது, அதனால் மொத்தமாகப் போடாமல் பத்து நாளுக்கு ஒருமுறை கன்றடியில் ஒரு பிடி கூட்டெரு, மேலே சருகு மூடாக்கு. வெண்டி பூத்து முதல் பிஞ்சுகள் விரலளவு. பயிற்றை பந்தலில் பாதிவரை ஏறிவிட்டது.

தக்காளியை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்திருக்கிறேன். அடைமழையில் தக்காளிக்கு வாடல் நோயும் இலைக்கருகலும் ஒருசேர வரும். அதற்கு நாற்று 3 வாரத்தில் தயாராகிவிடும் என்பதால் மார்கழி நடுவில் திலின என்கிற தக்காளி இனத்தின் விதையைத் தட்டில் போட்டு, முகட்டு ஓட்டுக்குக் கீழே வைத்து வளர்த்து, தைப்பொங்கல் கழிந்து கிணற்று மட்டம் இறங்கத் தொடங்கும்போது நடுவதாக இருக்கிறோம். அதற்கென்று கிழக்கோரப் பாத்தி ஒன்றை இப்போது கீரை போட்டு வைத்திருக்கிறேன். சின்ன வெங்காயமும் அப்போதுதான், மழை கண்டால் அது அழுகும். விதை வெங்காயத்துக்கு நிலாவெளியில் சொல்லி வைத்தாயிற்று.